கீட்டமின் டிரிப் சிகிச்சை: மாத்திரைக்கு அடங்காத மனச்சோர்வுக்கும் மன அதிர்ச்சிக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில், மனச்சோர்வுக்குக் கீட்டமின் ஏற்றும் ஒரு கிளினிக்கில் நர்ஸாக வேலை செய்கிறேன். இது தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் போன் செய்து கேட்கிறார்கள். மகளுக்காகக் கேட்பவர்கள் உண்டு, கணவருக்காகக் கேட்பவர்கள் உண்டு. "ஒரு ஃப்ரெண்டுக்காக" என்று ஆரம்பித்து, பேசப் பேசத் தனக்காகத்தான் என்று சொல்பவர்களும் உண்டு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் உடம்புக்கும் நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளுக்கும் இது ஒத்துவருமா என்பதை உங்களைப் பார்க்கும் மனநல மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் என்னென்ன கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

கீட்டமின் ஆபரேஷனுக்குக் கொடுக்கும் மயக்க மருந்துதானே? அதை எப்படி மனச்சோர்வுக்குக் கொடுக்கிறார்கள்?

அதேதான். 1962-ல் பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனத்துக்காக கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கிய மருந்து இது. 1964-ல் மிச்சிகனில் முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1970-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. வியட்நாம் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு நிறைய பயன்பட்டது. மற்ற மயக்க மருந்துகளைப் போல மூச்சை அமுக்காது, பிரஷரை இறக்காது என்பதால் வசதி குறைந்த ஆஸ்பத்திரிகளில் இன்றும் இதை நம்பித்தான் பல ஆபரேஷன்கள் நடக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பல வருடங்களாக இருக்கிறது.

மனச்சோர்வுக் கதை 2000-ல் தொடங்குகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஏழே ஏழு நோயாளிகளை வைத்து ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். மயக்கம் வராத அளவு கீட்டமினை மெதுவாக ஏற்றியபோது சில மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் மனச்சோர்வு குறைந்தது. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்று பழகிப்போன துறைக்கு இது பெரிய ஆச்சரியம். 2006-ல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் கார்லோஸ் சராட்டே குழுவினர் 18 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே நாளில் 71 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். ஒரு வாரம் கழித்தும் அது நின்றது 35 சதவீதம் பேருக்கு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக வரும், வேகமாகப் போகவும் செய்யும்.

அளவு எவ்வளவு?

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராம், 40 நிமிடத்தில் ஏறும்படி. 60 கிலோ எடை உள்ளவருக்கு 30 மில்லிகிராம். ஆபரேஷனுக்குக் கிலோவுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் வரை ஒரேயடியாக நரம்பில் போடுவார்கள். அதோடு ஒப்பிட்டால் இது குறைவு. சில கிளினிக்குகள் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதும் உண்டு. ஏன் கூட்டுகிறார்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

"மாத்திரைக்கு அடங்காத மனச்சோர்வு" என்று எதைச் சொல்கிறார்கள்?

குறைந்தது இரண்டு வெவ்வேறு மனச்சோர்வு மாத்திரைகளை, சரியான அளவில், போதுமான காலம் சாப்பிட்டும் பலன் இல்லையென்றால் அந்தப் பெயர். போதுமான காலம் என்றால் சாதாரணமாக ஆறு வாரம் அல்லது அதற்கு மேல். இதில்தான் நிறைய பேர் தவறிவிடுகிறார்கள். பத்து நாள் சாப்பிட்டு வயிற்றைப் புரட்டுகிறது என்று நிறுத்தியது கணக்கில் வராது. குறைந்த அளவிலேயே மூன்று வருடம் ஓட்டியதும் வராது. போனில் என்னிடம் "எதுவுமே கேட்கலை" என்று சொல்பவர்களிடம் மாத்திரைச் சீட்டுகளை எடுத்து வரிசையாகப் படிக்கச் சொல்வேன். சிலருக்கு உண்மையிலேயே நாலு, ஐந்து மருந்து சரியாகக் கொடுத்துப் பார்த்திருப்பார்கள். சிலருக்கு ஒன்றுகூட முழுதாக முடிந்திருக்காது. அப்படிப்பட்டவருக்குக் கீட்டமின் இப்போதைக்குத் தேவையே இல்லாமல் இருக்கலாம்.

தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத்திணறல், குடிப்பழக்கம், இருதுருவ மனநோய் (மனம் சில காலம் மிதமிஞ்சிய உற்சாகத்திலும் சில காலம் சோர்விலும் இருக்கும் நோய்) ஆகியவையும் மனச்சோர்வு போலவே முகம் காட்டும், அல்லது அதை ஆறவிடாது. நல்ல டாக்டர் முதலில் இவற்றைப் பார்ப்பார். இதெல்லாம் பார்க்காமல் முதல் சந்திப்பிலேயே டிரிப்புக்குத் தேதி கொடுக்கிற இடத்தில் எனக்கு நம்பிக்கை வராது.

அதே சமயம், எல்லாம் சரியாகச் செய்தும் குணமாகாதவர்கள் ஏராளம். ஸ்டார்-டி என்ற பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவுகள் 2006-ல் வந்தன. முதல் மாத்திரையில் முழுதாகத் தேறியவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். இரண்டு மருந்து பலிக்காமல் மூன்றாவதுக்குப் போனவர்களில் தேறியவர்கள் இன்னும் மிகக் குறைவு. அதனால் "மூணு மாத்திரை மாத்தியாச்சு, இன்னும் எழுந்திருக்கலைன்னா மனசு வைக்கலைன்னுதானே அர்த்தம்?" என்று வீட்டில் யாராவது பேசினால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வழக்கமான மாத்திரைகள் செரட்டோனின், நார்எபிநெஃப்ரின் போன்றவற்றைக் கூட்டுபவை. கீட்டமின் குளுட்டமேட் என்ற வேறொரு ரசாயனத்தின் பாதையில் வேலை செய்கிறது. மூளையில் செய்தி கடத்துவதில் பெரும்பங்கு குளுட்டமேட்டுடையது. அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பியைக் கீட்டமின் அடைக்கிறது. அதன் விளைவாகக் குளுட்டமேட் சட்டென்று பாய்கிறது. அது நரம்பு செல்கள் வளரத் தேவையான புரதங்களைத் தூண்டுகிறது. நீண்டகால மன அழுத்தத்தில் எலிகளின் மூளையில் நரம்பு இணைப்புகள் சுருங்குவதையும், கீட்டமின் கொடுத்ததும் அவை வேகமாகத் திரும்ப முளைப்பதையும் யேலில் ரொனால்ட் டூமன், ஜார்ஜ் அகஜானியன் ஆகியோரின் குழு 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டியது.

இதுதான் முழுக்கதை என்று இன்னும் முடிவாகவில்லை. 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சின்ன ஆய்வு. மார்ஃபின் வகை மருந்துகளைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோனை முன்கூட்டியே கொடுத்தபோது கீட்டமினின் மனச்சோர்வு நீக்கும் பலன் வெகுவாகக் குறைந்தது. அப்படியானால் மூளையின் ஓபியாய்டு பாதைக்கும் இதில் பங்கு இருக்கலாம். விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

டிரிப் ஏற்றும் அன்று அறையில் என்ன நடக்கும்?

சாய்வு நாற்காலி, கையில் ஊசிக்குழாய், பக்கத்தில் மருந்தை அளந்து தள்ளும் பம்ப். மேல்கையில் பிரஷர் பட்டை; பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது தானாகவே இறுகித் தளரும். விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். வெளிச்சத்தைக் குறைத்துவிடுவோம். கண்பட்டை வேண்டுமென்றால் கொடுப்போம். பாட்டு கேட்க விரும்புபவர்கள் வார்த்தை இல்லாத இசையைக் கொண்டு வந்தால் நல்லது. பழக்கமான பாட்டின் ஒரு வரி அந்த நேரத்தில் எங்கேயாவது இழுத்துப் போய்விடும்.

முதல் ஐந்து பத்து நிமிடம் பெரிதாக ஒன்றும் தெரியாது. அப்புறம் உதடும் விரல்நுனியும் மரத்த மாதிரி இருக்கும். சத்தங்கள் தூரத்திலிருந்து வருவது போலத் தோன்றும். கை தன்னுடையதே இல்லாத மாதிரி, உடம்பு நாற்காலியில் இருக்க தான் வேறெங்கோ இருக்கிற மாதிரி இருக்கும் என்று பலர் சொல்வார்கள். நேரம் நீளும், 40 நிமிடம் அரை நாளாகத் தெரிந்தது என்பார்கள். நிறங்கள், உருவங்கள் வரலாம். சிலருக்கு எதுவுமே வராது. அதனால் மருந்து பலிக்காது என்று பொருள் இல்லை.

கூட வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு முறை மகளோடு வந்திருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, இவ கண்ணு திறந்துதான் இருக்கு, என்னையே பார்க்க மாட்டேங்கிறாளே" என்றார். கண்மணி இரண்டும் மெல்ல இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது. அது இந்த மருந்தின் வழக்கமான விளைவு. பம்ப் நின்று கால் மணி நேரத்தில் மகள் தலையைத் திருப்பி, தண்ணீர் வேண்டும் என்றாள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த அம்மா அவ்வளவு பதறியிருக்க மாட்டார். அதற்குப் பிறகு கூட வருபவர்களிடம் கண்களைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பம்ப் நின்ற பிறகு ஒரு மணி நேரமாவது உட்கார வைத்துக் கவனிப்போம். பிரஷர் பழைய நிலைக்கு வந்து, தள்ளாடாமல் நடக்க முடிந்தால்தான் அனுப்புவோம்.

நடுவில் பயம் வந்துவிட்டால்?

வரலாம். குறிப்பாக முதல் தடவை, குறிப்பாக மன அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கு. பெரும்பாலான நேரம் ஒருவர் அருகில் உட்கார்ந்து, "நீங்கள் கிளினிக்கில் இருக்கிறீர்கள், மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னும் பத்து நிமிடத்தில் குறையும்" என்று நிதானமாகச் சொன்னாலே போதும். முடியவில்லை என்றால் பம்பை மெதுவாக்கலாம், நிறுத்தலாம். நிறுத்திய சில நிமிடங்களில் தீவிரம் இறங்கத் தொடங்கும். நிறுத்தச் சொல்ல உங்களுக்கு எப்போதும் உரிமை உண்டு. கையைத் தொடலாமா, கூடாதா என்பதை முன்னாலேயே எங்களிடம் சொல்லிவிடுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு, உடம்பு தன் வசம் இல்லாத நேரத்தில் ஒரு அந்நியக் கை படுவது பழைய காயத்தைக் கிளறிவிடும். நான் இதைக் கேட்காமல் பம்பை ஆரம்பிப்பதில்லை.

எத்தனை தடவை ஏற்ற வேண்டும்? எவ்வளவு நாள் நிற்கும்?

வழக்கமாக இரண்டு மூன்று வாரத்தில் ஆறு டிரிப். ஒன்றிரண்டிலேயே மாற்றம் தெரியத் தொடங்கும். நாலைந்து ஏற்றியும் ஒரு அசைவும் இல்லையென்றால் தொடர்வதில் பொருள் உண்டா என்று டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

மாற்றம் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். "சந்தோஷமா இருக்கேன்" என்று யாரும் வந்து சொல்வதில்லை. காலையில் குளித்தேன் என்பார்கள். பசித்தது என்பார்கள். மனைவி சமையலறையில் ஏதோ சொன்னது காதில் விழுந்தது, பதில் சொன்னேன் என்று ஒருவர் சொன்னார். வீட்டில் இருப்பவர்கள்தான் இதையெல்லாம் முதலில் கவனிக்கிறார்கள். அதனால் ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதி வையுங்கள்: தூக்கம், சாப்பாடு, குளியல், எத்தனை பேரிடம் பேசினார். எங்கள் கேள்வித்தாளைவிட அது சில நேரம் தெளிவாகப் பேசும்.

அடுத்தது, நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது. ஆறு டிரிப்போடு நிறுத்திவிட்டு வேறெதுவும் செய்யாமல் விட்டால், பெரும்பாலானவர்களுக்கு மனச்சோர்வு திரும்பி வருகிறது. ஆறு டிரிப்பில் தேறியவர்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், கடைசி டிரிப்புக்குப் பிறகு சராசரியாகச் சுமார் இரண்டரை வாரத்தில் பலன் கரைந்தது. ஆகவே சிகிச்சையின் பாதி வேலை அந்த நல்ல வாரங்களில் நடக்கிறது. அதுவரை எழுந்திருக்கவே முடியாமல் போனவர் இப்போது கவுன்சலிங்குக்குப் போக முடியும், மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிட முடியும், தூக்க நேரத்தைச் சரிசெய்ய முடியும், நடக்கப் போக முடியும். மழை பெய்த ஈரம் காய்வதற்குள் விதைக்கிற மாதிரி. முதல் டிரிப்புக்கு முன்னாலேயே கவுன்சலருக்குத் தேதி வாங்கிவிடுங்கள். ஆறும் முடிந்த பிறகு தேடலாம் என்றால் அதற்குள் ஈரம் போய்விடும்.

சிலருக்கு அதற்குப் பிறகும் மூன்று வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று டிரிப் தேவைப்படுகிறது. எத்தனை வருடம் அப்படித் தொடரலாம் என்பதற்குப் போதுமான ஆராய்ச்சி இல்லை. எவ்வளவு இடைவெளி வரை தாங்குகிறது என்று பார்த்து, அந்த இடைவெளியை நீட்டிக்கொண்டே போவதுதான் நாங்கள் செய்வது.

போரை நேரில் பார்த்த அப்பாவுக்கு, பழைய கொடுமைகளை மறக்க முடியாத அக்காவுக்கு இது உதவுமா?

கனடாவிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் இந்தக் கேள்வி நிறைய. இலங்கைப் போரைக் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேள்விக்கு நேர்மையான பதில்: மனச்சோர்வுக்கு இருக்கிற அளவு உறுதியான ஆதாரம் பி.டி.எஸ்.டி. எனப்படும் மன அதிர்ச்சி நோய்க்கு இன்னும் இல்லை.

நியூயார்க்கின் மவுண்ட் சைனாயில் அட்ரியானா ஃபெடர் குழுவினர் 2021-ல் 30 பேரை வைத்துச் செய்த ஆய்வு நம்பிக்கை கொடுத்தது. இரண்டு வாரத்தில் ஆறு டிரிப். கீட்டமின் பெற்றவர்களில் 67 சதவீதம் பேருக்கும், ஒப்பீட்டுக்காக மிடாசோலாம் என்ற தூக்க மருந்து பெற்றவர்களில் 20 சதவீதம் பேருக்கும் நல்ல முன்னேற்றம். முன்னேறியவர்களுக்கு அது சராசரியாக 27 நாள் போல நின்றது. ஆனால் அடுத்த வருடமே, அமெரிக்க முன்னாள் படைவீரர்களும் பணியில் இருப்பவர்களுமாக 158 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், மன அதிர்ச்சி அறிகுறிகளில் கீட்டமினுக்கும், மருந்தே இல்லாத வெறும் உப்புநீருக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. மனச்சோர்வு மட்டும் குறைந்தது.

மன அதிர்ச்சிக்கு இன்றுவரை உறுதியான பலன் காட்டியிருப்பது பேச்சு வழிச் சிகிச்சைதான்: நடந்ததைப் பாதுகாப்பான இடத்தில், பயிற்சி பெற்றவரோடு, கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளும் முறைகள், கண்களை இடமும் வலமும் அசைத்தபடி நினைவைக் கையாளும் ஈ.எம்.டி.ஆர். போன்றவை. அந்த அறைக்குள் போகவே தெம்பு இல்லாத அளவுக்கு மனச்சோர்வு அமுக்கியிருந்தால், கீட்டமின் அதைத் தூக்கிவிட்டு உதவலாம். பழைய நினைவை அது அழிக்காது. அப்படி யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். அப்பாவின் தாய்மொழியில் பேசக்கூடிய ஒரு கவுன்சலரைத் தேடுங்கள். தமிழில் மட்டுமே சொல்லக்கூடிய விஷயங்கள் அவருக்கு இருக்கும்.

இது மருந்தின் பலனா, வெறும் எதிர்பார்ப்பின் பலனா?

நல்ல கேள்வி, ஆராய்ச்சியாளர்களையே இது திணறடிக்கிறது. கீட்டமின் ஏறினால் ஏறுகிறது என்று நோயாளிக்குத் தெரிந்துவிடும். உப்புநீர் பெற்றவருக்கும் தெரிந்துவிடும். அதனால் 2013-ல் வந்த 73 பேர் ஆய்வில், தூக்கக் கலக்கம் தரும் மிடாசோலாமை ஒப்பீட்டுக்குக் கொடுத்தார்கள். ஒரு நாளில் முன்னேறியவர்கள் கீட்டமினில் 64 சதவீதம், மிடாசோலாமில் 28 சதவீதம். வித்தியாசம் நின்றது.

2023-ல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு படி மேலே போனார்கள். வேறு காரணத்துக்காக ஆபரேஷன் செய்துகொள்ள வந்த, மனச்சோர்வும் உள்ள 40 பேருக்கு முழு மயக்கத்தில் இருக்கும்போது கீட்டமினோ உப்புநீரோ கொடுத்தார்கள். எது ஏறியது என்று தெரிய வழியே இல்லை. இரண்டு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். இதிலிருந்து கீட்டமினுக்குச் சக்தி இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். கூடவே கொடுத்த மயக்க மருந்துகள் குழப்பியிருக்கலாம் என்று சிலர். என்னைக் கேட்டால், மருந்தோடு எதிர்பார்ப்பும், அன்பாகக் கவனிக்கும் ஆட்களும், ஒரு அமைதியான அறையும் சேர்ந்துதான் பலன் தருகின்றன. கூட்டமாக நாற்காலி போட்டு அவசரமாக ஏற்றி அனுப்பும் இடங்கள் அந்தப் பாதியைத் தொலைத்துவிடுகின்றன.

ஷாக் ட்ரீட்மென்டைவிட இது நல்லதா?

2023-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் கீட்டமினில் 55 சதவீதம் பேரும், மின் அதிர்வு சிகிச்சையில் 41 சதவீதம் பேரும் தேறினார்கள். ஞாபக மறதித் தொந்தரவு கீட்டமினில் குறைவு. ஆனால் அந்த ஆய்வில் மாயக்குரல் கேட்பது, தவறான நம்பிக்கைகள் போன்ற சைக்கோசிஸ் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கும், சாப்பாடு தண்ணீரையே நிறுத்திவிட்டவர்களுக்கும் மின் அதிர்வு சிகிச்சைதான் இன்றும் முதலிடம். சினிமாவில் காட்டுகிற மாதிரி அது நடப்பதில்லை. மயக்கம் கொடுத்துத்தான் செய்கிறார்கள். பயத்தால் அதை ஒதுக்கிவிட வேண்டாம்.

மூக்கில் அடிக்கும் ஸ்பிரே இருக்கிறதாமே?

இருக்கிறது. கீட்டமினின் ஒரு பாதியான எஸ்கீட்டமின், ஸ்ப்ரவாட்டோ என்ற பெயரில். 2019 மார்ச்சில் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. அப்போது வேறொரு மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் தனியாகவும் கொடுக்கலாம் என்றார்கள். பதிவு செய்த மையத்தில், ஆட்கள் பார்த்திருக்க நீங்களே அடித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போக வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள்.

டிரிப்புக்கு இப்படிப்பட்ட அனுமதி கிடையாது. மயக்கத்துக்கு அனுமதி பெற்ற மருந்தை டாக்டர் தன் பொறுப்பில் மனச்சோர்வுக்கு எழுதுகிறார். சட்டப்படி செல்லும்தான். ஆனால் காப்பீடு பெரும்பாலும் ஸ்பிரேக்கு உண்டு, டிரிப்புக்கு இல்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

பழக்கமாகிவிடுமா?

ஆகக்கூடிய மருந்துதான், மறைக்க வேண்டியதில்லை. அடிக்கடி, அதிக அளவில் எடுப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பை கடுமையாகப் புண்ணாகி, அரை மணிக்கொரு தரம் எரிச்சலோடு ஓட வேண்டிய நிலை வருகிறது. கல்லீரலும் பாதிக்கப்படலாம். கிளினிக்கில் கொடுக்கும் அளவிலும் இடைவெளியிலும் இது அரிது. இருந்தாலும் மாதக்கணக்கில் தொடர்பவர்களிடம் சிறுநீர் பற்றி ஒவ்வொரு முறையும் கேட்கிறோம்.

நடிகர் மேத்யூ பெர்ரி 2023 அக்டோபரில் இறந்தபோது எங்கள் போன் ஓயவில்லை. அவர் சிகிச்சைக்காகக் கடைசியாக ஏற்றிக்கொண்ட டிரிப் இறப்புக்கு ஒன்றரை வாரம் முந்தையது. இறந்தபோது ரத்தத்தில் இருந்தது, முழு மயக்கம் கொடுக்கும் அளவுக்கான கீட்டமின். கிளினிக்குக்கு வெளியே கிடைத்தது. வெந்நீர்த் தொட்டியில் தனியாக இருந்தார். கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் இந்த மருந்து எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அதனால்தான் தபாலில் வீட்டுக்கு வரும் கீட்டமின் மாத்திரை, வாயில் கரைக்கும் மிட்டாய் வடிவம் ஆகியவற்றை நான் யாருக்கும் சொல்வதில்லை. 2023 அக்டோபரில் எஃப்.டி.ஏ.வும் இவற்றைப் பற்றி எச்சரித்தது. பிரஷர் ஏறினால் வீட்டில் பார்ப்பது யார்?

யாருக்குக் கொடுக்கக் கூடாது?

கட்டுக்குள் வராத பிரஷர், ரத்தக்குழாய்ச் சுவரில் பலூன் போன்ற வீக்கம், சமீபத்திய மாரடைப்பு அல்லது பக்கவாதம் உள்ளவர்கள், சைக்கோசிஸ் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், போதைப் பழக்கத்தில் தற்போது இருப்பவர்கள், கல்லீரல் மிகவும் கெட்டவர்கள். இருதுருவ மனநோய் இருந்தால் மனநிலையைச் சமன்செய்யும் மாத்திரை ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு மாத்திரைகள் பெரும்பாலும் தொடரலாம். தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ சாப்பிடும் அல்பிரசோலாம், குளோனசெபாம் வகை மாத்திரைகள் கீட்டமினின் பலனைக் குறைக்கலாம். அவற்றைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். குறைப்பதா, நேரம் மாற்றுவதா என்பது டாக்டரின் முடிவு.

தற்கொலை எண்ணத்தோடு இருப்பவருக்கு உதவுமா?

எண்ணத்தின் தீவிரத்தை வேகமாகக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 2022-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 156 பேரில், மூன்றாம் நாள் அந்த எண்ணம் முழுதாக விலகியிருந்தது கீட்டமின் பெற்றவர்களில் 63 சதவீதத்துக்கு, பெறாதவர்களில் சுமார் 32 சதவீதத்துக்கு. ஆனால் தற்கொலைகளையே அது தடுக்கிறது என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. எனவே டிரிப்புக்குத் தேதி வாங்கியாயிற்று என்று காத்திருக்காதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கிற மாத்திரை, பூச்சிமருந்து, கயிறு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 எந்நேரமும், தமிழிலும், இலவசம். தமிழ்நாட்டில் 104 உண்டு. இலங்கையில் 1926. அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. உடனடி ஆபத்து என்றால் அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு.

இந்தியாவில் கிடைக்குமா?

மயக்க மருந்தாக எல்லா பெரிய ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது, விலையும் குறைவு. மனச்சோர்வுக்குச் சில மருத்துவக் கல்லூரிகளிலும் தனியார் மனநல மருத்துவமனைகளிலும் கொடுக்கிறார்கள். 2011-லிருந்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும், 2013-லிருந்து மருந்துச் சட்டத்தின் எக்ஸ் அட்டவணையிலும் இருப்பதால் கடையில் சும்மா வாங்க முடியாது. வாங்கவும் முயலக் கூடாது. மனநல மருத்துவரும் மயக்க டாக்டரும் சேர்ந்து செய்கிற இடமாகப் பாருங்கள்.

அமெரிக்காவில் செலவு எவ்வளவு?

ஒரு டிரிப்புக்குப் பெரும்பாலும் 400 முதல் 800 டாலர் வரை, கையிலிருந்து. மருந்தின் விலை அதில் சொற்பம். மீதி இடம், ஆள், நேரம். ஆறுக்கும் சேர்த்து மொத்தமாகப் பணம் கேட்டால், இரண்டாவதோடு நிறுத்தினால் திருப்பித் தருவீர்களா என்று எழுத்தில் வாங்குங்கள்.

நல்ல கிளினிக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

என்னை மனநல மருத்துவர் பரிசோதிப்பாரா, அல்லது டிரிப் போடுபவர் மட்டும்தானா? என் டாக்டரோடு பேசுவீர்களா? ஏற்றும்போது அறையில் யார் இருப்பார்கள், ஒருவர் எத்தனை பேரைப் பார்ப்பார்? பிரஷர் எகிறினால் என்ன மருந்து கையில் இருக்கிறது? பலிக்கவில்லை என்றால் அடுத்து என்ன? இந்தக் கடைசிக் கேள்விக்கு "எல்லாருக்கும் பலிக்கும்" என்று பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள்.

முதல் டிரிப்புக்கு எப்படித் தயாராவது?

கிளினிக் சொல்லும் நேரத்திலிருந்து வெறும் வயிறு, வாந்தி வரக்கூடும். கழற்றச் சுலபமான, கை மடிக்கக்கூடிய சட்டை. காலையில் சாப்பிடும் பிரஷர் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடலாமா என்று முந்தின நாளே கேட்டு வையுங்கள். அழைத்துப் போக ஒருவர் கட்டாயம் வேண்டும். டாக்சியில் தனியாக அனுப்ப மாட்டோம். அன்று வேலைக்கு லீவு, கையெழுத்துப் போடும் எந்தக் காரியமும் வேண்டாம். இரவு நன்றாகத் தூங்கி எழுந்து மறுநாள்தான் வண்டி ஓட்டலாம்.